குற்றப் பதிவுக்கு எந்த மென்பொருள்: எக்செல், அமெரிக்கப் பொதி, இந்திய முறை, சொந்தக் கட்டுமானம்

தர்மலிங்கம் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ரி, எச் போட்டுத் தொடங்குவார். இன்னொருவர் டி, எச் போட்டுத் தொடங்குவார். பெயர் தேடலுக்குப் பரவலாகப் பயன்படும் சவுண்டெக்ஸ் முறை முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் எண்ணாக்கும். ஆகவே முன்னையவர் ரி-654, பின்னையவர் டி-654. கணினிக்கு இவர்கள் இரண்டு பேர். பழைய வழக்கு ஒன்று மறைந்துபோவதும், வேறொருவருடைய வழக்கு இவர் தலையில் ஏறுவதும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. மென்பொருள் விற்க வருபவர் காட்டும் வண்ணத் திரைகளில் இது தெரியாது.

இலங்கையில் ஒருவரின் குற்றப் பதிவை உறுதிசெய்வது கொழும்பிலுள்ள பொலிஸ் குற்றப் பதிவுப் பிரிவு. அதற்கு அடிப்படை விரலடையாளம். இங்கே அலசுவது அதற்குக் கீழே, வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி போன்ற மாவட்ட மட்டத்தில் பொலிஸ், நீதிமன்றப் பதிவகம் ஆகியவற்றின் தரவைச் சேர்த்து வைக்கக்கூடிய அமைப்பை. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலோ வவுனியா பல்கலைக்கழகத்திலோ இதை ஒரு செயற்றிட்டமாக எடுப்பவர்களுக்கும், கேள்விப்பத்திரம் எழுத வேண்டியவர்களுக்கும் உதவும்.

முதலில் எக்செல். இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். புதிய தேசிய அடையாள அட்டை இலக்கம் 12 இலக்கம் கொண்டது. கலத்தை எழுத்துவடிவம் என்று மாற்றாமல் தட்டினால் எக்செல் அதை 1.98506இ+11 என்று சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வி என்ற எளிய எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் காட்டியதுதான் கோப்புக்குள் போகும். பின்பாதி இலக்கங்கள் போனது போனதுதான். இரண்டாவது வில்லங்கம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. எங்கள் பக்கத்துப் பழைய கோப்புகளில் பாதிக்கு மேல் பாமினியில் தட்டியவைதான். திரையில் சிவகுமார் என்று தெரிவது கணினிக்கு ஆர், பி, ரி, பெரிய எஃப் என்று போகும் ஆங்கில எழுத்துத் தொடர். யூனிகோடில் தேடினால் அகப்படாது. மூன்றாவது, யார் எப்போது எந்தக் கலத்தை மாற்றினார் என்பதற்குச் சாட்சி சொல்லக்கூடிய தடம் அதில் இல்லை. குற்றப் பதிவுக்கு அது ஒன்றே போதும், எக்செல்லை ஒதுக்குவதற்கு.

அமெரிக்க மாநிலங்கள் வாங்கும் தயார் மென்பொருட் பொதிகள் வேறு ரகம். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு மையப் பதிவகம் உண்டு. விரலடையாளத்தோடு வரும் முதல் கைதின்போது ஆளுக்கு ஒரு மாநில அடையாள இலக்கம் விழும். அதற்குப் பின் வரும் கைதெல்லாம் அதன் கீழே அடுக்கப்படும். கைது, வழக்குத் தாக்கல், தீர்ப்பு மூன்றையும் கட்டி வைப்பது கைதின்போதே கொடுக்கப்படும் தொடர் இலக்கம் ஒன்று. பொதியின் பலம் இந்தக் கட்டுமானம்தான். அமெரிக்க மத்திய ஒழுங்குவிதிகளின் 28ஆம் தலைப்பு, 20ஆம் பகுதி, தீர்ப்பு 90 நாளுக்குள் பதிவகத்துக்கு வந்துவிட வேண்டும் என்கிறது. கைதாகி ஒரு வருடம் கழிந்தும் முடிவு பதியப்படாமல், வழக்கும் நடவாமல் இருந்தால் அந்தக் கைதைக் குற்றத்தீர்ப்பு அல்லாத தரவாகவே கொள்ள வேண்டும். வெளியே கொடுப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. அப்படியிருந்தும் முடிவில்லாத கைதுகள்தான் அங்கேயும் தீராத தலையிடி. விதி இருந்தால் மட்டும் நீதிமன்ற எழுதுவினைஞர் தரவு அனுப்பிவிடுவார் என்பதில்லை.

அந்தப் பொதியை இங்கே கொண்டுவந்தால் எங்கெங்கே இடிக்கும்? முதல் இடி குடும்பப் பெயர். அதை வெறுமையாக விட்டால் படிவம் நகராது. க. சிவகுமாருக்குக் குடும்பப் பெயர் எது? தகப்பன் பெயரை அதில் போட்டால் அண்ணன், தம்பி, தங்கை எல்லோரும் ஒரே குடும்பப் பெயரின் கீழ் வந்து நிற்பார்கள். தங்கை கலியாணம் கட்டிய பிறகு அந்த இடத்தில் புருசன் பெயர் வரும். அடுத்தது வழக்கின் முடிவுப் பட்டியல். மத்தியஸ்த சபைக்குப் போய்ச் சமரசமானது, சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை (சிறைக்குப் பதில் சமூக வேலை), ஒத்திவைத்த சிறைத்தண்டனை ஆகிய மூன்றுக்கும் தனித்தனி இடம் வேண்டும். ஒத்திவைத்த தண்டனை என்றால் அந்தக் காலம் முடியும் திகதியும் வேண்டும். இல்லையேல் எழுதுவினைஞர் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒன்றைத் தெரிவுசெய்வார். ‘கிட்டத்தட்ட’ என்ற சொல்லுக்குக் குற்றப் பதிவில் இடமில்லை.

இந்தியாவின் சிசிடிஎன்எஸ் 2009இல் அனுமதிக்கப்பட்ட, பொலிஸ் நிலையங்களை ஒன்றோடொன்று இணைக்கும் அரச வலையமைப்பு. தேசிய குற்றப் பதிவுப் பணியகத்தின் கீழ் நடக்கிறது. மையச் செயலி ஒன்று, மாநிலத்துக்கு மாநிலம் மாற்றம் செய்து பாவிப்பது. 2022இல் தொடங்கிய நாஃபிஸ் விரலடையாளத் தளம் ஆளுக்கு 10 இலக்க எண் கொடுக்கிறது. முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு. பெயர், மொழி, தகப்பன் பெயர் விடயங்களில் இது அமெரிக்கப் பொதியைவிட எங்களுக்குக் கிட்ட. ஆனால் பிரிவு இலக்க அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கொலைக்கு 302. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தில் அது 103. புதிய 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் கொலைக்கு 296. ஆகவே பிரிவு இலக்கத்தை வெறும் எண்ணாகச் சேமித்தால் பத்து வருடம் கழித்து அது எதைக் குறித்தது என்று எவருக்கும் தெரியாது. சட்டத்தின் பெயர், பிரிவு, அமுலில் இருந்த காலம் மூன்றும் சேர்ந்துதான் ஒரு குற்றத்தைத் தனித்து இனங்காட்டும் சாவி.

சொந்தமாகக் கட்டுவதில்தான் வேலையும் பலனும் கூட. போஸ்ட்கிரெஸ் போன்ற இலவசத் தரவுத்தளம் போதும். ஆள், பெயர்கள், அடையாள இலக்கங்கள், முகவரிகள், சம்பவம், குற்றச்சாட்டு, முடிவு என்று ஏழு அட்டவணை. பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் ஒரே பி அறிக்கையில் மூன்று குற்றச்சாட்டு இருந்து, ஒன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டி, ஒன்றில் விடுதலையாகி, ஒன்று கைவிடப்படலாம். ஆகவே முடிவு ஒட்ட வேண்டியது குற்றச்சாட்டில். வழக்கில் ஒட்டினால் மூன்றுக்கும் ஒரே முடிவு விழும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றிய லொறிச் சாரதியின் வழக்கை இந்த அட்டவணையில் போட்டுப் பாருங்கள். இரண்டாவது குற்றச்சாட்டு சேர்ந்தவுடன் பிழையான வடிவமைப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

அடையாள இலக்கத்தை வைத்துப் பிறந்த திகதி கணிக்கும் செயலியில் ஒரு பொறி உண்டு. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த மூன்று இலக்கம் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். அந்த நாள் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். 1985 லீப் ஆண்டல்ல. ஆனாலும் மார்ச் 1 பிறந்தவருக்கு 061 என்றே வரும். கணினி மொழியில் உள்ள சாதாரண நாட்காட்டிச் செயலியிடம் 1985இன் 61ஆம் நாளைக் கேட்டால் மார்ச் 2 என்று சொல்லும். லீப் அல்லாத ஆண்டில் மார்ச் முதல் திசெம்பர் வரை பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் பிசகும். பழைய 9 இலக்கத்தைப் புதியதாக்க, முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு சைபர் நுழைத்து, கடைசி எழுத்தை விட வேண்டும். இரண்டு வடிவத்தையும் ஒரே ஆளின் கீழ் சேமியுங்கள். ஒன்றை அழித்து மற்றதைப் போடாதீர்கள்.

தமிழ் எழுத்திலும் ஒன்று. ‘கொ’ என்பதில் ஒற்றைக் குறியாகவும் இரட்டைக் குறியாகவும் உயிர்க்குறி வரலாம். என்எஃப்சி என்ற இயல்பாக்கம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் ஸ்ரீ இரண்டு விதமாகக் குறியிடப்படுகிறது. அதை என்எஃப்சி தொடாது. ஸ்ரீதரன்களுக்குத் தனி விதி எழுதியே ஆக வேண்டும்.

விரலடையாளத் தேடலையும் சொந்தமாகச் செய்யலாமா? மென்பொருள் கிடைக்கிறது: அமெரிக்கத் தர நிறுவனத்தின் என்பிஐஎஸ், திறந்த மூலமான சோர்ஸ்ஏஎஃப்ஐஎஸ். பிந்தையதில் 40 பொருத்தப் புள்ளி என்பது பதினாயிரம் பொருத்தலில் ஒன்று பிழைக்கலாம் என்ற மட்டம். கையில் பதினாயிரம் விரல் பதிவு இருந்தால் ஒவ்வொரு தேடலிலும் சராசரியாக ஒரு அப்பாவி மாட்டுவார். ஒரு விரலை வைத்துத் தேடினால் இதுதான் கதி; பத்து விரலின் புள்ளியையும் சேர்த்துப் பார்த்து, கடைசியில் பயிற்சி பெற்ற கண் ஒன்றும் பார்க்க வேண்டும். வயலிலும் கல்வேலையிலும் தேய்ந்த விரல்கள் தரமான படம் தரா. ஈரத்துணியால் துடைத்து மறுபடி எடுங்கள். மூன்று தரத்துக்கு மேலும் சரிவராவிட்டால் அந்த விரலுக்குத் தரக்குறைவு என்று குறித்துவிடுங்கள். சேமிப்புப் பெரிய விடயமில்லை. 8 அங்குலச் சதுர அட்டை, அங்குலத்துக்கு 500 புள்ளி என்றால் 16 மெகாபைட். விரலடையாளப் படங்களுக்கான டபிள்யூஎஸ்கியூ சுருக்க முறையில் 15இல் ஒன்றாகச் சுருக்கினால் சுமார் 1 மெகாபைட். படத்தை வைத்திருங்கள். ஒவ்வொரு விற்பனையாளரும் தன் தனி வார்ப்பில் நுண்புள்ளிகளை (விரற்கோடுகள் முடியும், பிரியும் இடங்களை) சேமிப்பார். படம் இருந்தால் எந்த மென்பொருளுக்கும் மாறலாம்.

எங்கள் தீர்ப்பு: பதிவும் நீதிமன்றத் தொடர்பும் சொந்தமாகக் கட்டுங்கள், அமெரிக்கப் பொதியிலிருந்து தொடர் இலக்க முறையை மட்டும் களவெடுங்கள். விரலடையாளத் தேடலை மாவட்டத்தில் வைக்காமல் கொழும்புக்கே விட்டுவிடுங்கள்.

இன்னும் இரண்டு விடயம் எந்தப் பொதியிலும் வராது, வன்னியில் வராமல் இருக்கவும் முடியாது. ஒன்று முகவரி. 2008, 2009 போர்க்கால இடப்பெயர்வில் ஒரே ஆள் மாதக்கணக்கில் பல முகவரியில் இருந்திருப்பார், அதில் ஒன்று மனிக் பாம் முகாம். முகவரியை ஒரே ஒரு கலத்தில் மேலெழுதும் மென்பொருள் இவரைத் தொலைத்துவிடும். தொடங்கிய, முடிந்த திகதியோடு வரிசையாக வைக்க வேண்டும். மற்றது போருக்குப் பிந்திய புனர்வாழ்வு. நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமலே புனர்வாழ்வு நிலையங்களுக்குப் போய் வந்தவர்கள் ஏராளம். ‘பதிவு உண்டா: ஆம், இல்லை’ என்று ஒரே கேள்வியில் கேட்கும் மென்பொருள் அவர்களையும் குற்றவாளியாக்கும். முடிவு என்ற இடத்தில் நீதிமன்றமும் வழக்கு இலக்கமும் இல்லாவிட்டால் குற்றத்தீர்ப்பு என்று பதிய விடாத கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்திலேயே போடுங்கள்; திரையில் மட்டும் போட்டால் யாராவது பின்வாசலால் உள்ளே தட்டுவார்.

விற்க வருபவரிடம் கொடுக்கச் சோதனைப் பதிவு ஐந்து. ரி-எச்சிலும் டி-எச்சிலும் தொடங்கும் ஒரே தர்மலிங்கம். பழைய, புதிய இலக்கம் இரண்டும் உள்ள, 1985 மார்ச் 1 பிறந்த பெண். மூன்று குற்றச்சாட்டுக்கு மூன்று முடிவு வந்த ஒரு வழக்கு. நீதவான் நீதிமன்றில் குற்றவாளியாகி, மாகாண மேல் நீதிமன்ற மேன்முறையீட்டில் விடுதலையான ஒருவர். பழைய தீர்ப்பு அழியாமலும், சான்றிதழில் வராமலும் இருக்க வேண்டும். கடைசியாகக் குடும்பப் பெயரே இல்லாத ஒருவர். ஐந்தையும் எங்கள் முன்னால் அவரே தட்டட்டும். பெரும்பாலும் இரண்டாவதில் நிற்பார்.