மெனிஞ்சியோமாவுக்கு ஆண்டுதோறும் எம்ஆர்ஐ எடுக்கிறீர்களா? நாகர்கோவிலில் இந்த ஸ்கேன் சென்டருக்குப் போகலாம்

அம்மாவுக்குத் தலையில் மெனிஞ்சியோமா. மூளைக்குள் வருவதில்லை, மூளையைச் சுற்றியிருக்கும் உறையில் வளரும் கட்டி, பெரும்பாலும் புற்று அல்லாதது. சின்னதாக இருக்கிறது, தொந்தரவும் கொடுக்கவில்லை, அதனால் இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், ஆண்டுக்கு ஒருமுறை கான்ட்ராஸ்ட் (கட்டி படத்தில் தெளிவாகத் தெரிய நரம்பில் போடும் ஊசி மருந்து) போட்டு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்போம் என்று திருவனந்தபுரத்து டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் இங்கே தொடர்ந்து வருகிறோம்.

எனக்கு இங்கே பிடித்ததே ரிப்போர்ட்தான். கட்டி இருக்கிறது என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம், வளர்ந்திருக்கிறதா என்பதுதான் எங்கள் கேள்வி. கவுன்டரிலேயே முந்தைய ஸ்கேன் படங்கள் இருக்கும் சிடி டிஸ்க்கைக் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். ரேடியாலஜிஸ்ட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நீளம், அகலம், உயரம் மூன்றையும் மில்லிமீட்டரில் எழுதி, முந்தைய ஸ்கேனிலிருந்து மாற்றம் உண்டா இல்லையா என்று தனி வரியாகப் போடுகிறார். வீட்டில் எல்லோரும் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். முன்பு வேறொரு இடத்தில் எடுத்தபோது 'சிறிய கட்டி காணப்படுகிறது' என்று மட்டும் எழுதித் தந்தார்கள், அதை வைத்துக்கொண்டு டாக்டர் என்ன செய்வார்? இந்தக் கட்டிகளில் தீவிரத்தைப் பொறுத்து கிரேடு 1, 2, 3 என்று உண்டு, பெரும்பாலானவை 1-தான், ஆனால் எந்த கிரேடு என்பதைத் திசுவை எடுத்துப் பரிசோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆபரேஷன் செய்யாமல் காத்திருப்பவர்களுக்கு அளவும் வளரும் வேகமும்தான் பெரிய துப்பு. அதனால் முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே மாதிரி எடுங்கள்.

போன முறை கட்டி ஒட்டியிருக்கும் இடத்தில் மண்டையோட்டு எலும்பு தடித்திருப்பதாக எழுதியிருந்தது. எலும்புக்கும் பரவிவிட்டதோ என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். ரேடியாலஜிஸ்ட் வெளியே வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, மெனிஞ்சியோமாவில் இப்படித் தடிப்பது வழக்கம்தான், அதை மட்டும் வைத்துப் புற்று என்று சொல்லிவிட முடியாது, நாளை ஆபரேஷன் என்று வந்தால் சர்ஜனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதினேன் என்று பொறுமையாகச் சொன்னார். அவ்வளவு கூட்டத்திலும் அந்த நேரத்தை ஒதுக்கினாரே, அதற்காகவே இன்னொரு ஸ்டார் கொடுக்கலாம்.

எம்ஆர்ஐ மெஷின் பெரிய காந்தம், உள்ளே இரும்பு எதுவும் போகக் கூடாது. அதனால் ஸ்கேன் அறைக்குள் போகும் முன் உதவிக்கு இருந்த அக்கா, "அம்மா, தாலியில ஊக்கு ஏதும் கெடக்கா? நல்லாப் பாருங்க" என்று கேட்டார். நம்மூர் அம்மாக்களின் தாலிச் சரட்டில் ஊக்கு கோத்திருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தாலியைக் கழற்ற அம்மா தயங்க, அதுவரைக்கும் கட்டிக்கொள்ள மஞ்சள் கயிறு ஒன்றைத் தயாராக எடுத்து நீட்டினார்! சத்தம் கொஞ்சம் குறையக் காதில் பஞ்சும் வைத்துவிட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு என்பதால் கான்ட்ராஸ்ட் ஊசிக்கு முன்பே கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட் கேட்டார்கள், அதை முதலிலேயே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சித்திக்கு நெற்றியில் கல் மாதிரி ஒரு புடைப்பு, எலும்புக் கட்டி, ஆஸ்டியோமா. அதற்கும் எம்ஆர்ஐ எடுத்துவிடலாமா என்று கேட்டோம். எலும்பைப் பார்க்க சிடி ஸ்கேனே நல்லது, கான்ட்ராஸ்டும் தேவைப்படாது, உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கூடுதல் காசு பார்க்கிற இடம் அப்படிச் சொல்லாது.

குறை இல்லாமல் இல்லை. காத்திருக்கும் இடம் குறுகல், வாசல் படியில் வீல்சேர் ஏறாது, முட்டுவலிக்காரர்களைக் கைத்தாங்கலாகத்தான் ஏற்ற வேண்டும். போனில் சொல்லும் தொகையில் கான்ட்ராஸ்ட் ஊசி சேராது, தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் சாயங்காலம்தான் கிடைக்கும், மார்த்தாண்டம், குளச்சல் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு அது சிரமம்தான்.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரா ஆஸ்பத்திரியிலோ மெடிக்கல் காலேஜிலோ காட்டுகிறவர்கள் ஃபிலிம் போதும் என்று நினைக்காமல் சிடி டிஸ்க்கைக் கண்டிப்பாகக் கேட்டு வாங்கி, அது ஓடுகிறதா என்று அங்கேயே பாருங்கள். அப்புறம், நடுவில் வலிப்பு, பார்வை மங்கல், கை கால் தளர்ச்சி, கூடிக்கொண்டே போகும் தலைவலி என்று எது வந்தாலும் அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள், உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.