ஹட்டன் டவுன் கண்ணாடிக் கடை: கண்ணாடி விக்காம கிளினிக்குக்கு அனுப்புனாங்க

தங்கச்சிக்கு கிளாஸ்ல போர்டுல எழுதுறது நெழல் விழுந்த மாதிரி தெரியுது, இடது கண்ணுதான் மங்கல்னு சொன்னா, அதான் ஹட்டன் டவுன்ல மாடியில இருக்குற கண்ணாடிக் கடைக்கு கூட்டிட்டு போனேன். மேல் இமையில பட்டாணி அளவுல ஒரு கட்டியும் இருந்துச்சு, வலி இல்ல, அம்மா நாமக்கட்டி உரசி பூசிக்கிட்டு இருந்தாங்க.

செக் பண்ணுன அண்ணன் மெஷின்ல வந்த துண்டுச் சீட்ட எங்களுக்கே காட்டுனாரு. வலது கண்ணுல சிலிண்டர் நம்பர், அதாவது கருவிழி வளைவு ஒரே சீரா இல்லாததுக்கு குடுக்குற பவர், ஒன்னும் பெருசா இல்ல, இடது கண்ணுல மட்டும் நல்லா ஏறி இருக்கு. டெஸ்ட் பண்ணுற ரவுண்ட் பிரேம மாட்டி கண்ணாடிய மெதுவா திருப்பிக்கிட்டே வந்தாரு, ஒரு எடத்துல தங்கச்சி கீழ் வரி வரைக்கும் கடகடன்னு வாசிச்சிட்டா. சரி பிரேம் பார்ப்போம்னு நான் எழும்ப, "இருங்க, இப்ப கண்ணாடி போட வேணாம்"னுட்டாரு.

அவரு சொன்னது இதுதான். இமைக்குள்ள எண்ணெய் சுரக்குற சின்ன சின்ன சுரப்பி இருக்காம், அதுல ஒன்னு அடைச்சிட்டா வர்ற கட்டி இது, கலேசியன்னு பேரு. பெருசாச்சுன்னா கருவிழிய மேலருந்து அழுத்தும், ஊதுன பலூன ஒரு பக்கம் விரலால அமுக்குன மாதிரி வடிவம் மாறி அஸ்டிக்மாட்டிசம் வரும், அதாவது வளைவு சமமா இல்லாம பார்வை மங்கும். கட்டி போனா நம்பரும் மாறிடும், இப்ப கண்ணாடி செஞ்சா காசுதான் வீண். சின்னப் பிள்ளைகளுக்குனா சும்மா விடவே கூடாதாம், பார்வை வளர்ற வயசுல இமை கண்ண மறைச்சாலோ இந்த மங்கல் அப்படியே இருந்தாலோ அந்தக் கண்ணு சோம்பேறிக் கண்ணாயிடும், அதாவது மூளை அந்தக் கண்ண சரியா பாவிக்காம பார்வை கம்மியாவே நின்னுடும். வயசானவங்களுக்கு ஒரே எடத்துல திரும்ப திரும்ப வந்தா டொக்டர்கிட்ட காட்டி சதைய டெஸ்டுக்கு அனுப்பணும், சில நேரம் அது கேன்சராவும் இருக்கலாம்னாரு.

சுடுதண்ணித் துணி ஒத்தடம் 10 நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ, நசுக்கவே கூடாது. நம்ம பக்கத்து குளிருக்கு துணி ஒரு நிமிஷத்துல ஆறிடும், பிளாஸ்க்க பக்கத்துல வச்சு நனைச்சிக்கிட்டே இருக்கணும். தங்கச்சிக்கு அதுல கரையல, அவரு எழுதிக் குடுத்த துண்டோட கவர்மென்ட் கண் கிளினிக்குக்கு போனோம், இமைய மரக்க வச்சு உள்பக்கமா கீறி எடுத்தாங்க, வெளியில தழும்பே இல்ல.

காயம் ஆறி கொஞ்ச வாரம் கழிச்சு வரச் சொல்லியிருந்தாரு கடை அண்ணன், போனோம். இடது கண்ணு நம்பர் கிட்டத்தட்ட வலது கண்ணு அளவுக்கு எறங்கியிருந்துச்சு, கண்ணாடியே தேவல்ல, அந்த செக்கப்புக்கு காசும் எடுக்கல. வியாபாரம் கைக்கு வந்த நேரத்துல வேணாம்னு சொல்ற மனசு எத்தன பேருக்கு வரும், எனக்கு உண்மையிலேயே கண்ணு கலங்கிருச்சு.

குறைன்னா படி ரொம்ப செங்குத்து, தாத்தா பாட்டிய கூட்டிட்டு போனா கையப் பிடிச்சுதான் ஏத்தணும். பிரேம் வகையும் கம்மிதான். ஞாயித்துக்கிழமை தோட்டத்து சனம் எல்லாம் டவுனுக்கு வர்றதால உக்கார எடமே இருக்காது, வார நாள்ல காலையிலேயே போங்க, பழைய கண்ணாடி நம்பர் எழுதுன துண்டுச் சீட்டு இருந்தா கையோட கொண்டு போங்க, அவரு அத முதல்ல கேப்பாரு.