பட்டச் சான்றிதழ் உண்மைத்தன்மை: டிஜிலாக்கர் வழியில் எது தெரியும், எது தெரியாது

வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஒரிஜினலையும் ஜெராக்ஸையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைத்தான் பல இடங்களில் இன்னமும் ‘சரிபார்ப்பு’ என்கிறார்கள். அதில் தெரிவது, ஜெராக்ஸ் அந்தக் காகிதத்தின் நகல்தான் என்பது மட்டுமே. அந்தக் காகிதத்தைப் பல்கலைக்கழகம்தான் கொடுத்ததா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மத்திய அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் உதவுவது அந்தக் கேள்விக்கு. தொடர்ந்து பல பேட்ச் ஆட்சேர்ப்புகளில் பயன்படுத்தியதில் அதன் பலமும் ஓட்டைகளும் தெளிவாகத் தெரிகின்றன.

முதலில் பலம். டிஜிலாக்கரில் இரண்டு பகுதிகள் உண்டு. ‘வழங்கப்பட்ட ஆவணங்கள்’ பகுதிக்குச் சான்றிதழ் பல்கலைக்கழகத்தின் பதிவிலிருந்து நேராக வருகிறது. 2017-இல் வந்த விதித் திருத்தத்தின்படி இது ஒரிஜினலுக்குச் சமம். 2022 ஜனவரியில் பல்கலைக்கழக மானியக் குழுவும் இவற்றை ஏற்கும்படி கல்வி நிறுவனங்களுக்கு எழுதியது. மற்றொரு பகுதியில் இருப்பது பயனரே ஸ்கேன் செய்து ஏற்றிய கோப்பு. அதற்கும் வாட்ஸ்அப்பில் வரும் போட்டோவுக்கும் மதிப்பில் வித்தியாசம் இல்லை. ‘டிஜிலாக்கரில் இருக்கிறது சார்’ என்று விண்ணப்பதாரர் சொன்னால், எந்தப் பகுதியில் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கோப்பை வாங்கும் விதத்திலேயே பாதி வேலை கெடுகிறது. டிஜிட்டல் கையொப்பம் பிடிஎஃப் கோப்புக்குள் இருக்கிறது. அதை பிரின்ட் எடுத்து ஸ்கேன் செய்தாலோ, ‘பிரின்ட் டு பிடிஎஃப்’ கொடுத்துச் சேமித்தாலோ, ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலோ கையொப்பம் போய்விடும், படம் மட்டும் மிஞ்சும். இறக்கிய கோப்பை அப்படியே மின்னஞ்சலில் இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பிடிஎஃப் படிக்கும் மென்பொருளான அக்ரோபாட்டில் திறந்ததும் கையொப்பத்தின் மேல் கேள்விக்குறி தெரிந்தால் பதற வேண்டாம். இந்தியாவின் மூலச் சான்றை, அதாவது மற்ற கையொப்பச் சான்றுகளுக்கெல்லாம் அடிப்படையானதை, அந்த மென்பொருள் இன்னும் நம்பிக்கைப் பட்டியலில் சேர்க்கவில்லை என்றே பெரும்பாலும் பொருள். கையொப்பத்தின் விவரத்துக்குள் போய், சான்றுச் சங்கிலியில் மேலே இருக்கும் ‘சிசிஏ இந்தியா’ (டிஜிட்டல் சான்று வழங்குவோரைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு அலுவலகம்) சான்றைத் தேர்ந்தெடுத்து, அதன் ‘கைரேகை’ எண்ணை, அதாவது அந்தச் சான்றுக்கே உரிய நீண்ட அடையாள எண்ணை, அந்த அலுவலகத்தின் இணையதளத்தில் உள்ளதோடு ஒப்பிட்ட பிறகு நம்பிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒரு மூலச் சான்றுக்கு ஒரு கணினியில் ஒருமுறை செய்தால் போதும். அவசரத்தில் பலர் சங்கிலியின் அடியில் இருக்கும் கையொப்பக்காரரின் சான்றையே சேர்த்துவிடுகிறார்கள். இது ஆபத்து. எந்தப் பெயரிலும் ஒரு கையொப்பத்தை வீட்டிலேயே தயாரிக்க முடியும், அதையே நம்பிக்கைப் பட்டியலில் போட்டால் போலிக்கும் பச்சை டிக் விழும். டிக் வந்த பிறகும், ‘கையொப்பமிட்டபின் ஆவணம் மாற்றப்படவில்லை’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

சான்றிதழில் உள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ததும் ஒரு பக்கம் திறந்து ‘சரிபார்க்கப்பட்டது’ என்று காட்டினால் நம்பிவிடக் கூடாது. எந்த முகவரி திறக்கிறது என்பதுதான் முக்கியம். போலிச் சான்றிதழ் அடிப்பவர்களுக்குப் போலி இணையதளம் போடுவது பெரிய வேலை இல்லை.

இனி ஓட்டைகள். நம் ஊரில் பெரிய சிக்கல் இனிஷியல்தான். சான்றிதழில் ‘எஸ். முத்துக்குமார்’, ஆதாரில் ‘முத்து குமார் சுப்பிரமணியன்’. பெயர் ஒத்துப்போகாததால் ஆவணம் வராமல் போகும். பழைய ஆண்டுகளின் பதிவுகளைப் பல பல்கலைக்கழகங்கள் முழுமையாக ஏற்றவும் இல்லை. ஆகவே ‘கிடைக்கவில்லை’ என்பது ‘போலி’ ஆகாது. இந்த ஒன்றை ஆட்சேர்ப்புக் குழுவில் எல்லோர் மனத்திலும் பதிய வைப்பது அவசியம். இதைத் தவறாகப் படித்தால் ஒருவரின் வேலை போகிறது.

அதேபோல அரியர். 2010–14 பேட்ச் என்று பயோடேட்டாவில் இருக்கும், சான்றிதழில் நவம்பர் 2014 என்றிருக்கும். கடைசித் தாளை நவம்பர் தேர்வில் முடித்திருப்பார். இது பொய் அல்ல, படிவத்தில் ‘படித்த ஆண்டுகள்’, ‘தேர்ச்சி பெற்ற மாதம், ஆண்டு’ என்று இரண்டு கட்டம் வைத்தால் தீர்ந்தது. அண்ணா பல்கலைக்கழகம் சில ஆண்டுகள் கோவை, திருச்சி, திருநெல்வேலி, மதுரை என்று பிரிந்திருந்து 2012-இல் மறுபடி ஒன்றானது. அந்தக் காலச் சான்றிதழ்களில் பல்கலைக்கழகத்தின் பெயர் வேறாக இருக்கும். இதை அறியாத வெளிமாநில சரிபார்ப்பு முகமைகள் ‘பொருந்தவில்லை’ என்று எழுதிவிடும்.

டிஜிலாக்கரில் வராதபோது பழைய வழிதான்: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுதி, கட்டணம் கட்டி, உண்மைத்தன்மைச் சான்று கேட்பது. முகவரியைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலிருந்து எடுங்கள், விண்ணப்பதாரர் தரும் எண்ணுக்கோ சான்றிதழில் அச்சிட்டிருக்கும் மின்னஞ்சலுக்கோ எழுதினால், போலியை அடித்தவரே பதில் போடலாம். பதில் சில இடங்களில் சில நாளில் வரும், சில இடங்களில் மாதக்கணக்காகும். பணியில் சேர்த்துக்கொண்டு, ‘சரிபார்ப்புக்கு உட்பட்டது’ என்று நியமன ஆணையில் எழுதுவதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

இத்தனை கவனமாகச் சரிபார்க்கும் இடங்களிலேயே தகவல் பாதுகாப்பு கோட்டை விடப்படுவதுதான் வருத்தம். நேர்காணலுக்கு வந்த எல்லோரிடமும் பத்தாம் வகுப்பு முதல் எல்லாச் சான்றிதழும், முழு எண்ணோடு ஆதாரும் வாங்கி, வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். தேர்வாகாதவர்களின் கோப்பும் வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன, நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் அமலாகின்றன. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். வேலை தொடர்பான பயன்பாட்டுக்கு ஒப்புதல் வாங்குவதிலிருந்து சட்டம் ஒரு விலக்கு தருகிறது என்றாலும், இன்னும் ஊழியர் ஆகாத விண்ணப்பதாரருக்கு அதையே நம்பி உட்காராமல் ஒப்புதல் வாங்குவதே பாதுகாப்பு. வெளி முகமையிடம் கொடுத்தாலும் பொறுப்பு நம்முடையதுதான், எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும்.

ஒப்புதல் படிவம் நான்கைந்து வரியில், தமிழிலும் படிக்கக் கிடைக்க வேண்டும்: எந்தச் சான்றிதழ், எதற்கு, யாரிடம் சரிபார்ப்போம், எப்போது அழிப்போம், மனம் மாறினால் யாருக்கு எழுதுவது. நேர்காணல் கட்டத்தில் பட்டம், கல்லூரி, ஆண்டு என்ற விவரம் போதும். நியமனம் உறுதியானவரிடம் மட்டும் பட்டச் சான்றும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலும். ஆதார் கேட்டே ஆக வேண்டுமென்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதார். டிஜிலாக்கரை நேரில் திறந்து காட்டச் சொல்லலாம், ஆனால் அவருடைய ஓடிபியையோ ஆறு இலக்கப் பின்னையோ கேட்கக் கூடாது. ஒரிஜினலை வாங்கிப் பூட்டிவைக்கும் வழக்கத்துக்குச் சரிபார்ப்பில் எந்தத் தேவையும் இல்லை, அது ஊழியரைக் கட்டிப்போடும் வேலை.

சரிபார்த்து முடிந்ததும் பதிவேட்டில் ஒரு வரி: பட்டம், பதிவு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், சரிபார்த்த வழி, தேதி, பார்த்தவர், முடிவு. அதன்பின் நகலை மின்னஞ்சல், டவுன்லோடு ஃபோல்டர், குப்பைத்தொட்டி மூன்றிலிருந்தும் அழிக்க வேண்டும். மூன்றாவதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.