மிக்கி தீம் பர்த்டே கிட்: பெட்டியில் வருவதில் பாதி போதும்

ஆன்லைனில் ‘கார்ட்டூன் தீம் பர்த்டே கிட்’ என்று தேடினால் ஒரே மாதிரி பெட்டிகள் வரிசையாக வருமே, அதில் ஒன்றைப் பற்றிய விமர்சனம் இது. மகளின் இரண்டாவது பிறந்தநாளுக்காக வாங்கினோம். தீம் மிக்கி. ஒன்றிலிருந்து மூன்று வயது வரையுள்ள குழந்தை இருக்கும் வீடுகளை நினைத்துத்தான் எழுதுகிறேன். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளின் பார்ட்டி வேறு கணக்கு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுத்த காசுக்கு மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டியில் இருப்பதில் பெரும்பகுதி ஃபோட்டோவுக்கானது, குழந்தைக்கானது இல்லை. சில பொருள்களை அந்த வயதுக் குழந்தைகள் இருக்கும் அறைக்குள் கொண்டுவரவே கூடாது. நட்சத்திரம் போடச் சொன்னால் 5-க்கு 3.

பெட்டியின் மேல் ‘118 பொருள்கள்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. பிரித்துத் தரையில் பரப்பினோம். எண்பது சாதா பலூன். ‘ஹேப்பி பர்த்டே’ பேனரின் ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு பொருள், ஆக பதின்மூன்று. கேக் மேல் குத்தும் சின்னக் குச்சிகள் பன்னிரண்டு. முகமூடி ஆறு. மிச்சம் ஏழுதான்: ஒரு பெரிய ஃபாயில் பலூன், சுவரில் தொங்கவிடும் துணி, கை பம்ப், பலூன் வளைவு கட்டும் பிளாஸ்டிக் பட்டை, பலூனை ஒட்டவைக்கும் ஒட்டுப்புள்ளிச் சுருள், ஒரு கேக் டாப்பர், சீரியல் லைட். கிட் வாங்கும்போது எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். இந்த ஏழில் எது தரமாக இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். பலூனும் எழுத்துத் தாளும் தனியாக வாங்கினாலும் மலிவாகவே கிடைக்கும்.

நல்லதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஃபாயில் பலூன் அருமை. முகம் பளிச்சென்று அச்சாகியிருந்தது. கருப்பு ஓரத்தில் சிவப்பு வழியவில்லை. ஹீலியம் தேவையில்லை, ஸ்ட்ராவை வால்வுக்குள் விட்டு ஊதினாலே போதும். மிதக்காது, அவ்வளவுதான். நாற்காலி முதுகில் கட்டிவிட்டால் குழந்தைகளின் கைக்கு எட்டும், அதுவே நல்லது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இந்த வகைப் பலூனைத் தூக்கிப் போட வேண்டியதே இல்லை. அதே ஸ்ட்ராவை மறுபடி உள்ளே விட்டு மெல்ல அழுத்தினால் காற்று வெளியே வந்துவிடும். தட்டையாக மடித்து வைத்து அடுத்த முறையும் ஊதலாம். செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு மொத்தப் பெட்டியிலும் இதுதான் மதிப்புள்ள பொருள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள்: பெட்டி வந்த அன்றே அதை ஊதிவைத்து மறுநாள் காலையில் பாருங்கள். எங்களுக்கு வந்த முதல் பலூன் விடிவதற்குள் தளர்ந்துவிட்டது. காது சேரும் இடத்தில் தையல் போல ஒட்டியிருந்த விளிம்பில் கசிவு. படம் எடுத்து அனுப்பினோம், விற்றவர் மறுபேச்சு பேசாமல் வேறு அனுப்பினார். பார்ட்டிக்கு நாள் இருந்ததால் சரியாகப் போயிற்று.

கை பம்பும் நன்றாக உழைத்தது. இழுக்கும்போதும் காற்று, தள்ளும்போதும் காற்று. வாயால் ஊதிக் கன்னம் வலிக்கும் வேலை இல்லை.

சுவர்த் துணி பரவாயில்லை ரகம். மடிப்புத் தடம் ஆழமாக விழுந்திருந்தது. இது பாலியெஸ்டர் என்பதால் பின்பக்கமாகத் திருப்பி, குறைந்த சூட்டில், மேலே ஒரு பருத்தித் துணி போட்டுத் தேய்த்ததும் முக்கால்வாசி போய்விட்டது. பிளாஸ்டிக் ஷீட்டாக வந்தால் தேய்க்கவே கூடாது, முந்தின நாளே தொங்கவிட்டுவிட வேண்டியதுதான். அச்சும் நிறமும் நன்றாக இருந்தன. ஆனால் அதை யார் பார்த்தார்கள் என்று கேட்டால், பெரியவர்கள்தான். இரண்டு வயதுக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய 85 செ.மீ. கண் அதற்கும் கீழே இருக்கிறது. கேக் மேசைக்குப் பின்னால், நம் தலைக்கு மேல் தொங்கும் ஓவியம் அந்தக் கண்ணுக்கு இல்லாததற்குச் சமம். வந்திருந்த குட்டிகளில் ஒருத்தரும் அதைத் தலைதூக்கிப் பார்க்கவில்லை.

அவர்கள் மொய்த்தது வேறு இடத்தில். என் மகளுக்கு மிக்கி என்ற பேரே வராது. ‘காது’ என்பாள். கருப்பாக உருண்டையாக இரண்டு ஒட்டியிருந்தால் எதைப் பார்த்தாலும் ‘அப்பா, காது!’ என்று கையை நீட்டுவாள். அதனால் ஒரு கருப்பு சார்ட் அட்டை வாங்கி, சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து ஒரு பெரிய வட்டம், கிண்ணத்தைக் கவிழ்த்து இரண்டு சின்ன வட்டம் வரைந்து வெட்டினேன். சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் வரிசையாக நாலு தலைகள். கண் இல்லை, மூக்கு இல்லை, வெறும் மூன்று வட்டங்கள். வந்ததும் நேராக அங்கேதான் போனார்கள். ஒன்று தட்டியது, ஒன்று கன்னத்தை வைத்து உரசியது, ஒன்று காதைப் பிய்த்து எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடியது. மிக்கி திரைக்கு வந்தது 1928-ல். இத்தனை காலத்துக்குப் பிறகும் மூன்று வட்டம் போட்டாலே அது யார் என்று தெரிந்துவிடுகிறது. செலவில்லாமல் தீம் வைக்க இப்படிப்பட்ட எளிய உருவம்தான் தோது. நுணுக்கமான முகம் கொண்ட கதாபாத்திரம் என்றால் அச்சடித்ததை நம்பித்தான் இருக்க வேண்டும். அதிலும் உரிமம் பெற்ற அச்சு என்றால் விலை ஏறிவிடும்.

நிறமும் அப்படியே. கருப்பு, சிவப்பு, மஞ்சள். தட்டும் கப்பும் மேசை விரிப்பும் படம் போட்டதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒற்றை நிறத்தில் சாதா பேப்பர் தட்டு வாங்கினோம். சிவப்புத் தட்டு, மஞ்சள் கப். அருகில் அந்த ஒரு ஃபாயில் முகம் இருந்தாலே மொத்த மேசையும் தீமுக்குள் வந்துவிடுகிறது.

இனி நான் கவலையோடு சொல்ல வேண்டியவை.

எண்பது ரப்பர் பலூன். வெடித்த பலூன் துண்டும் ஊதாத பலூனும் சின்னக் குழந்தையின் தொண்டையில் போய் உட்கார்ந்தால் எடுப்பது மிகச் சிரமம். மெல்லிய ரப்பர், மூச்சுப்பாதையின் வடிவத்துக்கே வளைந்து ஒட்டிக்கொள்ளும். 8 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு ஆபத்து என்ற எச்சரிக்கை பலூன் பாக்கெட்டுகளிலேயே இருக்கும். எங்கள் பெட்டியிலும் இருந்தது, அடிப்பக்கத்தில், கண்ணாடி போட்டுப் படிக்கும் அளவில். முன்பக்கம் சிரிக்கும் குழந்தை படம் போட்டிருக்கிற பெட்டி இது. எச்சரிக்கையும் முன்பக்கம்தான் இருக்க வேண்டும். நாங்கள் இருபது மட்டும் ஊதி, கூரையை ஒட்டிக் கட்டினோம். மிச்சத்தைப் பூட்டி வைத்தோம். பலூனை முழு இறுக்கத்துக்கு ஊதாமல் கொஞ்சம் தளர்வாக விட்டால் உருண்டையாகவும் இருக்கும், சீக்கிரம் வெடிக்கவும் வெடிக்காது. வெடித்தால் பெரியவர் ஒருவர் உடனே துண்டுகளைப் பொறுக்க வேண்டும். இந்த வேலையை என் அக்காவிடம் ஒப்படைத்திருந்தோம், அவள் அதை விட்டு நகரவில்லை.

எண்பதில் பத்து, உள்ளே மினுமினுப்புத் துகள் போட்ட பலூன்கள். ஊதவே இல்லை. வெடித்தால் அத்தனை துகளும் தரையில் கிடக்கும், தவழுகிற குழந்தை முதலில் எடுத்து வாயில் வைப்பது அதைத்தான்.

சீரியல் லைட்டில் காசு வடிவ பேட்டரி. மூடியை நகத்தாலேயே நகர்த்தித் திறக்க முடிந்தது, ஸ்க்ரூ இல்லை. இந்தப் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகலாம். அழகுக்காக ஒரு வரிசை விளக்கு, அதற்கு இவ்வளவு பெரிய விலையா? குழந்தைகள் பிறந்தநாளுக்கென்றே விற்கும் பெட்டியில் இதை வைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மூன்று நட்சத்திரத்தோடு நிறுத்தியதற்கு முக்கியக் காரணம் இதுதான். லைட் வேண்டுமென்றால் ஸ்க்ரூ வைத்து மூடும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

கேக் குச்சிகள் கூர்மையானவை. அவற்றை மேசைக்கே கொண்டுவரவில்லை. பெரிய டாப்பரை மட்டும் வைத்து, வெட்டும் முன் எடுத்துவிட்டோம்.

முகமூடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எலாஸ்டிக்கை ஸ்டேப்ளர் பின் போட்டு அடித்திருந்தார்கள். அட்டை மெல்லியது என்பதால் பின்னின் இரண்டு கால்களும் முழுதாக மடங்காமல் உள்பக்கம், அதாவது குழந்தையின் கன்னம் படும் பக்கம், நீட்டிக்கொண்டிருந்தன. விரலால் தடவியதும் குத்தியது. ஆறிலும் பின்னைக் கழற்றி, ஓட்டை போட்டு, எலாஸ்டிக்கை முடிச்சிட்டேன். சரி, மாட்டலாம் என்றால் அதற்கப்புறம் இன்னொன்று. இந்த வயதில் தெரிந்த முகம் திடீரென்று மறைந்தால் பயம் வரும். என் மகன், வயது ஏழு, ஆசையாக ஒன்றை மாட்டிக்கொண்டு ‘பாப்பா, இங்கே பார்’ என்று குனிந்தான். அவள் உதடு பிதுங்கியதைப் பார்த்ததும் அவனே உடனே கழற்றி, ‘அண்ணாதான்டா, அண்ணாதான்’ என்று தூக்கிக்கொண்டான். கதாபாத்திர உடை போட்ட ஆளை வரவழைக்க நினைப்பவர்களும் இதை யோசிக்க வேண்டும். செலவும் பெரிது, பாதிக் குழந்தைகள் அழுதுவிடும். முகத்தை மறைக்காமல் தலையில் மாட்டும் காதுப் பட்டை போதும். அதை இந்தக் கிட்டில் கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பலூன் வளைவுப் பட்டை: நேரம் இருப்பவர்களுக்கு. பேனர்: எழுத்துகள் கெட்டி அட்டை, நூல் கோக்கச் சுலபம். இரண்டையும் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

பெட்டியில் வருவதை அறைக்குள் எடுத்துப் போகும் முன் ஒரு சோதனை செய்யலாம். டாய்லெட் பேப்பர் சுருளின் நடு அட்டைக் குழாய் வழியாக நுழைந்து விழும் எதுவும் மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வேண்டாம். பொம்மைகளைச் சோதிக்க ஆய்வகங்களில் பயன்படுத்தும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ. அட்டைக் குழாய் அதைவிடக் கொஞ்சம் அகலம், அதனால் நாம் கூடுதல் எச்சரிக்கையாகவே இருப்போம். குழந்தைகளுக்குக் கொடுத்தனுப்பும் பைக்குள் என்ன போடுவது என்று முடிவு செய்யவும் இதே வழி. நாங்கள் தடித்த க்ரேயானும் கெட்டி அட்டைப் படப் புத்தகமும் போட்டோம். விசில், ரப்பர் பந்து, சாவிக்கொத்து எதையும் சேர்க்கவில்லை.

விளையாட்டுக்கு என்று கிட்டில் எதுவும் கிடையாது, அது குறையும் இல்லை. இந்த வயதில் சேர்ந்து விளையாடுவதை விட, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தன் பாட்டுக்கு விளையாடுவதுதான் அதிகம். போட்டி, பரிசு, வரிசையில் நில் எல்லாம் செல்லாது. வீட்டில் கிடந்த பெரிய அட்டைப் பெட்டிகளைச் சிவப்பாகப் பூசி, முன்பக்கம் இரண்டு வெள்ளை முட்டை வடிவம் ஒட்டினான் மகன். மிக்கியின் கால்சட்டை, அதன் இரண்டு பட்டன்கள். குட்டிகள் அதற்குள் ஏறி உட்காருவதும் இறங்குவதுமாக இருந்தார்கள், அப்பாக்கள் இழுத்துக்கொண்டு போனோம். பார்ட்டியில் அதிக நேரம் ஓடியது இந்தப் பெட்டிகள்தான். ஸ்டேப்ளர் பின் இருக்கும் பெட்டி வேண்டாம், பசை டேப்பால் ஒட்டிய பெட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் முதல் நாளே காய்ந்திருக்க வேண்டும்.

நேரத்தை ஒன்றரை மணிக்குள் வைத்துக்கொண்டோம், மதியத் தூக்கம் முடிந்த பிறகு. வந்தவர்கள் எல்லோரும் அதற்கு நன்றி சொன்னார்கள்.

செலவு விஷயத்துக்கு வருகிறேன். அலங்காரம் செய்து தருபவர்கள் கேட்ட தொகையில் கால்பங்குக்குள் எல்லாம் முடிந்தது. கிட்டை விட்டுவிட்டு ஃபாயில் முகம், ஒற்றை நிறத் தட்டு, கருப்பு அட்டை, பேனர் என்று தனித்தனியாக வாங்கியிருந்தால் இன்னும் குறைந்திருக்கும் என்று பிறகு விலை பார்த்தபோது தெரிந்தது. தேடி வாங்க நேரம் இல்லாத வேலை நெருக்கடியில் இருப்பவர்களுக்குக் கிட் ஒரு வசதி, அதை மறுக்க மாட்டேன். அப்படி வாங்குவதாக இருந்தால் இதே விற்பனையாளரிடம் ‘சின்னக் கிட்’ என்று ஒன்று இருக்கிறது. லைட், முகமூடி, துகள் பலூன் எதுவும் அதில் இல்லை. ஃபாயில் பலூன், பேனர், டாப்பர், பம்ப், முப்பது பலூன். விலையும் பாதி. சுவர்த் துணி இல்லை என்று யோசிக்க வேண்டாம். ஆர்டர் போடும் முன் ஃபாயில் பலூன் கசிந்தால் மாற்றித் தருவார்களா, எத்தனை நாளில் தருவார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.