ஆள் உடுத்த உடுப்பு: எந்த வழியில் வாங்கலாம்?

என் மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. இருவருக்கும் வீட்டில் போடுகிற துணியில் பாதிக்கு மேல் யாரோ போட்டுக் கழித்தவைதான். எங்கள் குமரி மாவட்டத்தில், கருங்கல் பக்கம் இதைச் சொன்னால் முதலில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அப்புறம் தாழ்ந்த குரலில், "எங்க வாங்குற?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில். எனக்குத் தெரிந்து நம் மாவட்டத்தில் நாலு வழி இருக்கிறது. சொந்தக்காரர் தருவது, ரோட்டோரக் குவியல், பங்குக் கோயிலில் நடக்கும் பழந்துணி விற்பனை, இவை மூன்றோடும் போட்டி போடுகிற மலிவுப் புதுத்துணி. நாலிலும் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

சொந்தக்காரர் தருவதற்குக் காசு வேண்டாம். யார் உடுத்தது, எப்படித் துவைத்தது என்பதெல்லாம் தெரியும். கைக்குழந்தைக்கு இதைவிட நல்ல துணி கடையில் கிடைக்காது என்பேன். மூன்று மாதத்தில் சின்னதாகிவிடும் சட்டையை யாரும் கிழித்திருக்க முடியாது. பலமுறை துவைத்ததில் சாயமும் கஞ்சியும் போய் மெத்தென்று இருக்கும். ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும். பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்த துணி என்றால் நன்றாகத் துவைத்து, வெயிலில் காயப்போட்டு, வாசனை முழுக்கப் போன பிறகே பிள்ளைக்குப் போட வேண்டும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அந்த உருண்டையில் உள்ள நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும்.

பிள்ளை வளர வளர இந்த வழி கசக்கத் தொடங்கும். நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது ஒரு கிறிஸ்துமஸுக்குப் பெரியம்மா மகளின் பச்சைப் பாவாடை சட்டையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். துணியில் ஒரு குறையும் கிடையாது. பூசை முடிந்து எல்லோரும் நிற்கும்போது அக்கா, "இது என் உடுப்புல்லா" என்று சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவளும் சின்னப் பிள்ளைதானே. வீட்டுக்கு வந்ததும் கழற்றினேன், அதன் பிறகு அதைத் தொடவே இல்லை. சொந்தக்காரர் தருவதை வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொன்னால் மனத்தாங்கல். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் உடுத்திக் காட்ட வேண்டும்.

ரோட்டோரக் குவியலில் அந்தத் தொல்லை இல்லை. பண்டிகை நெருங்கும்போது சந்தை ரோட்டில் தார்ப்பாய் விரித்துக் குவித்திருப்பார்கள். எதை எடுத்தாலும் ஒரே விலை. இந்தக் குவியலில் இரண்டு வகைத் துணி கலந்து கிடக்கும். ஒன்று திருப்பூர் ஏற்றுமதியில் மிஞ்சியதும் கழித்ததும். அது யாரும் உடுத்தாத புதுத் துணி, லேபிளை மட்டும் கத்தரித்திருப்பார்கள். மற்றது நிஜமாகவே பழசு. அதிலும் தடித்த ஜாக்கெட், கம்பளிச் சட்டை போன்றவை பெரும்பாலும் வெளிநாட்டில் யாரோ கழித்தவை. இப்படிப்பட்ட பழந்துணியை உடுத்தும் நிலையில் இறக்குமதி செய்ய இங்கே உரிமம் வேண்டும். கிழித்துக் கந்தலாக்கினால் தடையில்லை. அந்தக் கந்தலைத்தான் பானிபட் ஆலைகள் நூலாக்கிக் கம்பளி நெய்கின்றன.

குவியலின் பெரிய குறை ஈரம். நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு பருவத்திலும் உண்டு, ஜூனிலும் பெய்யும், ஐப்பசியிலும் பெய்யும். கட்டிப் போட்ட மூட்டைக்குள் காற்றுப் போகாமல் பூஞ்சை பிடிக்கும். பருத்தியில் மிளகு தூவினதுபோலக் கரும்புள்ளி விழுந்துவிட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. அந்திக்கு மேல் பல்பு வெளிச்சத்தில் அந்தப் புள்ளி கண்ணில் படவும் படாது. ஒருமுறை அப்படி வாங்கி ஏமாந்தேன். மாற்றித் தர அந்த ஆள் மறுவாரம் அங்கே இல்லை.

எங்கே வாங்கினாலும் நான் பார்க்கும் முறை ஒன்றுதான். துணியை வெயிலுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். தேய்ந்த இடம் சல்லடைபோலத் தெரியும். பேண்டில் தொடையிடுக்கு, முழங்கால். சட்டையில் அக்குள், முழங்கை. காலர் மட்டும் தேய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். தையல்காரர் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்தால் புதுசாகிவிடும். பழைய தையல்காரர்கள் இதைச் சந்தோஷமாகவே செய்து தருவார்கள். உள்பக்கம் திருப்பித் தையலுக்கு அப்பால் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு இஞ்ச் இருந்தால் வளரும் பிள்ளைக்கு இன்னும் ஒரு வருடம் வரும். ஜிப்பை மூன்று முறை இழுத்துப் பார்க்க வேண்டும். ஜிப் மாற்றும் கூலி சில சமயம் துணி விலையைத் தாண்டிவிடும். சேலை என்றால் முந்தானையைப் பார்த்து மயங்காமல், காலில் படும் கரையையும் மடிப்பு விழும் இடத்தையும் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். வெந்நீர் தாங்காத துணியைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் ஒரு வாரம் கட்டி வைத்தால் போதும். சிரங்குப் பூச்சி மனித உடம்பை விட்டால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது.

மூன்றாவது வழி பழந்துணி விற்பனை. என் தங்கை இங்கிலாந்தில் லெஸ்டரில் நர்ஸ். அவள் பிரசவத்துக்குப் போயிருந்தபோது அங்கே தொண்டு நிறுவனங்கள் நடத்தும் கடைகளுக்கு என்னைக் கூட்டிப்போனாள். ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 1940களின் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கியது அப்படி ஒரு கடை. இப்போது அந்த நாட்டில் கடைத்தெருவுக்குக் கடைத்தெரு அவை இருக்கின்றன. ஊர்க்காரர்கள் கொடுத்த துணியை அளவு வாரியாக ஹேங்கரில் தொங்கவிட்டு விலைச்சீட்டு மாட்டியிருக்கிறார்கள். திரை போட்ட அறையில் போட்டுப் பார்க்கலாம். விற்பவர்களில் நிறையப் பேர் சம்பளம் வாங்காதவர்கள். கடைக்கான உள்ளாட்சி வரியில் 80 சதவீதம் சலுகை. துணி கொடுத்தவர் வருமான வரி கட்டுபவராக இருந்து சம்மதித்தால், விற்ற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து இன்னும் 25 பென்ஸ் வரும். என் மனதில் நின்றது வேறு. தங்கையோடு வேலை பார்க்கும் டாக்டர் ஒருவர் அங்கே கோட்டு எடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒளியவில்லை, எடுத்ததைக் காட்டிச் சிரித்தார்.

நம் ஊரில் அப்படி நிரந்தரக் கடை எதையும் நான் பார்த்ததில்லை. எங்கள் பங்கில் அன்பியத்துப் பெண்கள், அதாவது பக்கத்துப் பக்கத்து வீட்டார் கூடும் ஜெபக் குழுவினர், சேர்ந்து கிறிஸ்துமஸுக்கு முன்னால் இரண்டு நாள் நடத்துகிறோம். முந்தின வாரமே துணியை வாங்கித் துவைத்து இஸ்திரி போட்டு, மேசை மேசையாக அடுக்குவோம். பத்து ரூபாயிலிருந்து நூறு ரூபாய் வரை விலை. வரும் காசு படிப்பு உதவிக்குப் போகும். குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வருவதில் முக்கால்வாசி சேலையும் நைட்டியும்தான். ஆண்கள் உடுப்பு அரிது, சாரமும் (லுங்கி) துவர்த்தும் (துண்டு) கரித்துணி ஆகும்வரை வீட்டை விட்டு வராது. போட்டுப் பார்க்க அறை கிடையாது. இறந்தவர் துணியோ என்ற சந்தேகத்தில் சிலர் கையை இழுத்துக்கொள்வார்கள். அதனால் தெரிந்தவரை கேட்டு அப்படிப்பட்டதைத் தனியே வைத்துவிடுகிறோம்.

முதல் வருடம் இனாமாகத்தான் கொடுத்தோம். மூட்டையாக வாரிக்கொண்டு போனார்கள், அடுத்த வாரம் பாதி சானல் (வாய்க்கால்) கரையில் கிடந்தது. கோபம் வந்தது உண்மை. யோசித்துப் பார்த்தால் தவறு எங்களுடையது. பொறுக்கி எடுக்க நாங்கள் இடமே கொடுக்கவில்லை, அள்ளிக் கையில் திணித்தோம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு குளச்சல் பக்கம் ஒரு முகாமில் உதவிக்குப் போனபோது லாரி லாரியாக வந்த துணி ஞாபகம் வந்தது. குளிருக்குப் போடும் ஸ்வெட்டர், அழுக்குப் பேண்ட், கிழிந்த உள்ளாடை. எல்லாம் இழந்து உட்கார்ந்திருந்த பெண்கள் அதைத் தொடவில்லை. "பேரிடரில் மாட்டியவருக்கு ரோஷம் என்ன" என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். தில்லியில் 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு, துணியை ஊர்ப் பொது வேலைக்குக் கூலியாகக் கொடுக்கிறது என்று பின்னாளில் படித்தபோது, முகாமில் நான் பார்த்ததன் காரணம் புரிந்தது. கூலி என்றால் தலைநிமிர்ந்து வாங்கலாம், இனாம் என்றால் முடியாது.

இந்த மாவட்டத்தில் இதை மறக்கவே கூடாது. பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தில் அடிபட்டு, ரவிக்கை கிழிபட்டு நின்றவர்கள் எங்கள் பாட்டிமாரின் பாட்டிமார். 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் கொடுத்த அறிவிப்பில்கூட, குப்பாயம் (சட்டை) போடலாம், கடற்கரைப் பெண்களைப்போல முரட்டுத்துணி சுற்றலாம், உயர்ந்த சாதிப் பெண்களைப்போல மட்டும் உடுத்தக் கூடாது என்று இருந்தது. எதை உடுத்துவது என்பதை இன்னொருவர் தீர்மானிப்பது எவ்வளவு வலிக்கும் என்று இந்த மண்ணுக்குத் தெரியும். எனவே பழந்துணியில் நான் முதலில் பார்ப்பது, எடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டு வேறொன்றை எடுக்க முடிகிறதா என்பதைத்தான். குவியலில் முடியும், ஆனால் துணியை நம்ப முடியாது. சொந்தக்காரரிடம் துணியை நம்பலாம், திருப்பிக் கொடுக்க முடியாது. பத்து ரூபாய்ச் சீட்டு மாட்டிய மேசையில் இரண்டும் நடக்கும்.

மலிவுப் புதுத்துணி பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஆடித் தள்ளுபடியில் 150 ரூபாய்க்குக் கிடைக்கும் சட்டை பெரும்பாலும் பாலியஸ்டர். நம் ஊர்ப் புழுக்கத்தில் அரை மணி நேரத்தில் முதுகோடு ஒட்டும். தையலில் துணியே விட்டிருக்காது, பிரித்துப் பெரிதாக்க வழி இல்லை. அதே காசுக்கு மேசையில் நல்ல பருத்திச் சட்டை மூன்று எடுக்கலாம். உள்ளாடை மட்டும் புதிதாக வாங்குங்கள், அதில் சிக்கனம் வேண்டாம். கிறிஸ்துமஸுக்கோ ஓணத்துக்கோ பிள்ளைக்கு ஒன்றாவது கோடி உடுப்பு எடுத்துக் கொடுங்கள். பள்ளிச் சீருடைக்கு, அரசுப் பள்ளிச் சத்துணவில் சேர்ந்த பிள்ளை என்றால் எட்டாம் வகுப்பு வரை நாலு செட் இலவசம். தனியார் பள்ளி என்றால் மேல்வகுப்புப் பிள்ளையின் வீட்டில் விலை பேசி வாங்குவதே லாபம்.

போன டிசம்பரில் கொல்லங்கோடு பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். நீலச் சேலை ஒன்றை எடுத்து, வாசலில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்து, கரையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து மேசையில் மடித்து வைத்தார்.

"கரை தேஞ்சு போச்சு மக்ளே. எனக்கு இது வேண்டாம். அந்த மெரூனை எடு, பாப்போம்" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன்.