கோல் முதலில் பக்கத்து வீட்டில்தான் விழும்

கூரையில் இருக்கும் செயற்கைக்கோள் டிவித் தட்டில் எல்என்பி (அலையைப் பிடிக்கும் தலை) மாற்றியாச்சு, ஒயர் முனைகளும் புதுசு. படம் மறுபடி சுத்தமாக வருகிறது. இந்த நேரம் பார்த்து, தோட்டத்திலிருந்து தாமான் வரிசை வீட்டுக்குக் குடிவந்த தம்பி ஒருவர் கேட்கிறார்: "அண்ணே, காற்பந்து பார்க்கத் தட்டு போடவா, இணையத்தில் பார்க்கும் ஆப் போதுமா? இல்லாட்டி பேசாம ஸ்டேடியத்துக்கே போயிடலாமா?"

படத்தரம், சேனல் கணக்கு, மாதச் சந்தா எல்லாம் அவருக்கே தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். வருஷக்கணக்கில் வீட்டில் காற்பந்து பார்ப்பவனை நிஜமாகவே கடுப்பேற்றுவது ஒன்றே ஒன்று. தாமதம்.

தஞ்சோங் மாலிம் பக்கத்து வரிசை வீடுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே செங்கல் சுவர். சனிக்கிழமை ராத்திரி ஒரு வீட்டில் லிவர்பூல், பக்கத்து வீட்டில் மென்செஸ்டர் யுனைடெட், மூலையில் மாமாக் கடைப் பெரிய திரை. இந்த வீட்டுத் திரையில் பந்து இன்னும் நடுத்திடலில் உருண்டுகொண்டிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் "கோல்!" என்று கூரையே அதிரும். அதற்கப்புறம் பார்ப்பது ஆட்டமில்லை, மறு ஒளிபரப்பு. யார் அடித்தார் என்பது மட்டும்தான் பாக்கி.

பழியைச் செயற்கைக்கோள் மேல் போடுவது வழக்கம். கணக்குப் போட்டால் அது பாவம் என்று தெரியும். கோள் நிற்பது பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டரில். மேலே போய்க் கீழே வர 72,000 கிலோமீட்டர். ஒளி வேகத்தில் கால் வினாடிகூட ஆகாது. நேரம் போவது தரையில்தான்: படத்தைச் சுருக்கும் கருவி, பல சேனல்களை ஒன்றாகக் கட்டும் கருவி, பூட்டுப் போடும் கருவி, கடைசியில் நம் வீட்டு டிகோடர் பூட்டைத் திறந்து படத்தை விரிப்பது. எல்லாம் சேர்ந்தாலும் தட்டில் சில வினாடிதான் பிந்தும்.

ஆப்பின் கதை வேறு. இணையத்தில் வரும் நேரலை ஒழுகி வருவதில்லை, துண்டு துண்டாக வெட்டி அனுப்பப்படுகிறது. பரவலாகப் பயன்படும் எச்எல்எஸ் முறையில் ஒரு துண்டுக்கு ஆப்பிள் பரிந்துரைக்கும் நீளம் 6 வினாடி. முழுத் துண்டும் தயாரான பிறகே அது வெளியே போகும். ஆட்டம் நடுவில் நின்றுவிடக்கூடாதே என்று பிளேயர் மூன்று துண்டு பின்தள்ளித்தான் ஆரம்பிக்கும். அதிலேயே 18 வினாடி. சுருக்குவது, சர்வரிலிருந்து சர்வருக்கு மாறுவது எல்லாம் சேர்த்தால் அரை நிமிஷத்தைத் தொடுவது சாதாரணம். அரை நிமிஷத்தில் ஒரு கார்னர் எடுத்து, கோல்கீப்பர் தட்டிவிட்டு, இன்னொரு கார்னரும் எடுத்துவிடலாம்.

அனலாக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. 2019 அக்டோபர் 31-ஓடு மலேசியா முழுதும் அனலாக் ஒளிபரப்பு நின்றது. படம் தெளிந்தது, நேரம் பிந்தியது. யாரும் நம்மிடம் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுத் தாமதம் எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். தட்டில் ஓடும் டிவியையும் ஆப் ஓடும் கைப்பேசியையும் பக்கத்தில் வைத்து ஒரே ஆட்டத்தைப் போடுங்கள். இரண்டு திரையும் ஒன்றாக விழும்படி இன்னொரு கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். மூலையில் ஓடும் ஆட்டக் கடிகாரத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் முடிந்தது. முதல் பாதியில் ஒரு முறை, இரண்டாம் பாதியில் ஒரு முறை எடுப்பது நல்லது, ஏனென்றால் ஆப்பின் தாமதம் ஓர் இடத்தில் நிற்காது. இணையம் ஒரு தடவை திக்கினால் திக்கிய நேரமும் தாமதத்தோடு ஒட்டிக்கொள்ளும். இடைவேளைக்குப் பின் ஆப்பை மூடித் திறந்தால் கொஞ்சம் முன்னேறலாம். தண்ணீர் குடிக்கப் போகும்போது 'பாஸ்' அழுத்தாதீர்கள். திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடர்ந்தால் அந்த நேரம் முழுக்கக் கடன்தான். 'லைவ்' பொத்தான் இருந்தால் அதைத் தட்டுங்கள்.

வைஃபையை நம்பாமல் மோடத்திலிருந்து டிவிக்கு நேராக லேன் ஒயர் இழுப்பது இதைவிடப் பெரிய வித்தியாசம் தரும். தாமதம் குறைகிறது என்பதைவிட, வளராமல் இருக்கிறது. ஃபைபர் வராத தோட்டத்து லயங்களில் 4ஜி-யை நம்பித்தான் ஆகவேண்டும். ராத்திரி 9 மணிக்கு ஊரே ஒரே கோபுரத்தில் தொங்கும்போது அதுவும் மூச்சு வாங்கும். 1080 தரத்தில் 6 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மணி நேர ஆட்டம் 5.4 ஜிபி தின்னும். சில ஆட்டங்களிலேயே மாத டேட்டா காலி.

அப்புறம் கைப்பேசி. ஸ்கோர் ஆப்கள் வீடியோவுக்குக் காத்திருப்பதில்லை. திடலிலேயே உட்கார்ந்திருப்பவர் அனுப்பும் ஒரு வரி எழுத்துதான், பறந்து வரும். ஆட்டம் தொடங்கும் முன் அதன் அறிவிப்பை அணைத்துவிட வேண்டும். வாட்ஸ்அப் குழுவையும் சேர்த்து. குறிப்பாக மச்சான்கள் இருக்கும் குழுவை.

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். இங்கிலீஷ் பிரிமியர் லீக்கில் 2019-20 பருவத்தில் வீடியோ பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்க்கும் விஏஆர் வந்ததிலிருந்து சுவர் சில நேரம் பொய் சொல்கிறது. பக்கத்து வீட்டில் கூச்சல் கேட்கும், நாமும் வயிறெரிந்து காத்திருப்போம். நம் திரையில் கோல் விழும்போது அங்கே சத்தமே இருக்காது. ஆஃப்சைட், கோல் இல்லை! தாமதமாகப் பார்ப்பவனுக்குக் கிடைக்கும் ஒரே சுகம் இது, இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

இவ்வளவும் தட்டுக்குச் சாதகமாகப் படும். பொறுங்கள், மழை இருக்கிறது.

தட்டுக்கு வருவது 12 கிகாஹெர்ட்ஸ் பக்கத்து கேயு அலை. மழைத்துளி அதைக் குடித்துவிடும். கோள் 91.5 டிகிரி கிழக்கில் இருப்பதால் இந்த ஊரிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட 77 டிகிரி உயரத்தில், மேற்கு-தென்மேற்கில் நிற்கிறது. அதாவது ஏறக்குறைய தலைக்கு மேலே. மலையடிவாரத்தில் மின்னினால் கவலை வேண்டாம். கூரைக்கு மேல், அந்தத் திசையில் ஒரு கிலோமீட்டருக்குள் கனத்த மேகம் நின்றால்தான் படம் கட்டம் கட்டமாக உடையும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் சாயங்கால இடிமழை இழுத்துக்கொண்டே போகும். இங்கிலாந்தின் மதிய 12.30 ஆட்டம் இங்கே 7.30-க்கு, அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு 8.30-க்கு. மழையின் வால் சரியாக அதன் மேல்தான் விழும். 10 அல்லது 11 மணி ஆட்டம் பெரும்பாலும் தப்பிக்கும்.

பெரிய தட்டு போட்டால் சரியாகுமா என்று கேட்பார்கள். 60 சென்டிமீட்டரிலிருந்து 90-க்குப் போனால் சிக்னல் கூடுவது 3.5 டெசிபல். தூறலுக்கும் நடுத்தர மழைக்கும் அது போதும். பேய்மழை 10 டெசிபலுக்கு மேல் விழுங்கும், அப்போது எந்தத் தட்டும் இருட்டுத்தான்.

பேய்மழையில் படம் போனால் அது இயற்கை, விட்டுவிடலாம். தூறலுக்கே போனால் அது கோளாறு. வெயில் நாளில் டிகோடர் மெனுவில் சிக்னல் 'குவாலிட்டி' எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். 'ஸ்ட்ரெங்த்' எண்ணை நம்ப வேண்டாம், குப்பைச் சத்தத்தையும் அது பலமென்று காட்டும். குவாலிட்டி மெல்லமெல்ல இறங்கினால் மூன்று இடம் பார்க்க வேண்டும். முதலாவது, எல்என்பி முகத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மூடி. நம் ஊர் வெயிலில் அது வெடித்து, உள்ளே தண்ணீரோ குளவிக் கூடோ இருக்கும். இரண்டாவது, ஒயர் முனையில் இருக்கும் எஃப் கனெக்டர். திருகிப் போடும் வகையில் நாளடைவில் ஈரம் இறங்கி, நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் பின்னல் கம்பி பச்சை பூக்கும், நடுக்கம்பி துருப்பிடிக்கும். அழுத்திப் பொருத்தும் 'கம்ப்ரெஷன்' வகைதான் வெளியில் நிற்கும். நடுக்கம்பி கனெக்டர் விளிம்பைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தெரிந்தால் போதும். பின்னலின் ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. மேலே ரப்பர் டேப் இழுத்துச் சுற்றி, எல்என்பிக்குக் கீழே ஒயரை ஒரு வளைவு தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், உள்ளே ஏறாது. மூன்றாவது, காற்றில் தட்டு நகர்ந்திருப்பது. அது கடைசி.

ரிப்பேருக்கு வருபவர் இந்த வரிசையில் பார்க்கமாட்டார். முதலில் டிகோடரை மாற்றுவார், அப்புறம் ரிமோட்டை. கூரையில் ஏற ஏணி வேண்டுமே! ஏணி கொண்டு வருவாரா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

இப்போது ஸ்டேடியம். தாமதமே இல்லாத ஒரே இடம். அதிலும் ஒரு குறை சொல்லலாம்: எதிர்க்கோடியில் 150 மீட்டர் தள்ளி அடித்த பந்தின் சத்தம் காதுக்கு வர அரை வினாடி ஆகும். ஆனால் கண் பிந்தாது. பந்து இல்லாத இடத்தில் தற்காப்பு வரிசை எப்படி ஏறி இறங்குகிறது, எந்தப் பக்கம் காலியாகிறது என்பதெல்லாம் கேமரா ஒருநாளும் காட்டாது. காற்பந்து தெரிந்தவனுக்கு அது வேறு ஆட்டம்.

அப்படியானால் ஏன் போவதில்லை? இந்த ஊருக்கு வடக்கே ஈப்போ, தெற்கே கோலாலம்பூர், இரண்டும் கிட்ட இல்லை. பெர்ணாம் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பேராக், அந்தப் பக்கம் சிலாங்கூர். ரசிகர் கட்சி மட்டும் இரண்டுக்கும் உண்டு. 1994-ல் திறந்த ஷா ஆலாம் அரங்கையும் 2024-ல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். மலேசிய லீக்கிலோ 2014 முதல் 2024-25 வரை ஒவ்வொரு பருவமும் ஜொகூர் டிடி (ஜொகூர் டாருல் தாக்சிம்) அணிதான் சாம்பியன். முடிவு தெரிந்த கதைக்கு டோல் கட்டுவானேன்?

தேசிய அணி ஆட்டமென்றால் கோலாலம்பூரில் புக்கிட் ஜாலில் அரங்கு. அந்த இடமே ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். கொமுட்டர் ரயிலில் தஞ்சோங் மாலிமிலிருந்து பேங்க் நெகாராவில் இறங்கி, நடந்து பண்டாராயா எல்ஆர்டி நிலையத்துக்குப் போய், ஸ்ரீ பெட்டாலிங் தடத்தில் ஏறினால் வாசலிலேயே இறங்கலாம். போகும்போது நல்ல வழி. 9 மணி ஆட்டம் முடிய ஏறத்தாழ 10.50. அதற்குப் பிறகு எல்ஆர்டி வரிசையில் நின்று வடக்கே கடைசி கொமுட்டரைப் பிடிப்பதை நம்பிப் புறப்படாதீர்கள். காரில் போனால் பார்க்கிங்கிலிருந்து வெளியே வரவே ஒரு மணி நேரம், வீடு சேர விடியற்காலை. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு (பேர் கூப்பிடும் வரிசைக்கு) நிற்பவருக்கும் கார்த் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் உள்ளவருக்கும் இது கட்டாது.

போயே தீருவேன் என்பவருக்கு: அது 1998 காமன்வெல்த் போட்டிக்குக் கட்டிய அரங்கு, திடலைச் சுற்றி ஓடுதடம் இருக்கிறது. கீழ் வரிசை டிக்கெட் வாங்காதீர்கள், கிட்ட இருப்பது போல் இருக்கும், ஆட்டம் தெரியாது. நடுக்கோட்டுப் பக்கம், மேலே ஏறின வரிசைதான் நல்லது. கியூஆர் டிக்கெட்டை வீட்டிலேயே கைப்பேசியில் இறக்கி வையுங்கள், வாசலில் லைன் கிடைக்காது. தண்ணீர் போத்தலைப் பிடுங்குவார்கள். லேசர் விளக்கு இருந்தால் உள்ளேயே விடமாட்டார்கள், அதற்குக் காரணமும் உண்டு. 2010 டிசம்பர் 26, கே. ராஜகோபால் மலேசிய அணிப் பயிற்றுநராக இருந்தபோது இங்கே நடந்த ஏஎஃப்எஃப் (தென்கிழக்காசிய) கிண்ண இறுதியின் முதல் ஆட்டம். லேசர் அடித்ததில் இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் திடலைவிட்டு வெளியேற, ஆட்டமே நின்றது. திரும்ப ஆரம்பித்த பிறகுதான் மூன்று கோலும் விழுந்தன, மலேசியாவுக்கு 3-0.

பூப்பந்துக்கு இந்த நியாயமெல்லாம் பொருந்தாது. அங்கே டிவிதான் பொய் சொல்லும். பின்னாலிருந்து எடுக்கும் கேமராவில் ஸ்மாஷின் இறக்கமும் வேகமும் பாதிதான் தெரியும். மலேசிய மகளிர் இரட்டையர் பெர்லி டான், தீனா முரளிதரன் ஜோடி தற்காப்பில் நிற்பதை நேரில் பார்த்தால் புரியும். ஜனவரியில் மலேசியப் பொதுப் போட்டி அதே புக்கிட் ஜாலிலில், முன்பு அக்சியாத்தா என்றிருந்து இப்போது யூனிஃபை என்று பேர் மாறிய உள்ளரங்கில் நடக்கும். முதல் சுற்றுகளில் பகலிலிருந்தே ஆட்டம் உண்டு, கொமுட்டரிலேயே வீடு திரும்பலாம். அதற்குப் போங்கள்.

தம்பிக்குப் பதில். ஸ்டேடியம்தான் உசத்தி, ஆனாலும் காற்பந்துக்குப் போகாதீர்கள். ஆப் வேண்டாம், பணம் கட்டி முடிவை முன்கூட்டிக் கேட்பதற்குப் பேர் சந்தா இல்லை. தட்டு போடுங்கள். மழைக்கும் ரிப்பேருக்கும் திட்டித் திட்டி அதற்கு 5-க்கு 2 கொடுக்கிறேன், அடுத்த வருஷமும் புதுப்பிப்பேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர் எதில் பார்க்கிறார் என்று மட்டும் முதலில் கேட்டு வையுங்கள். அவர் ஆப் என்றால் கவலையே இல்லை, இனி கத்தப்போவது நீங்கள்தான்.