மகள் படித்தது ரிலிஜன் மேஜர், ஃபீஸ் கட்டியது நான்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படித்தது நானில்லை. நியூ ஜெர்சியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் என் மகள் ரிலிஜன் மேஜர், அதாவது மதங்களை முதன்மைப் பாடமாக எடுத்து டிகிரி முடித்தாள், எட்டு செமஸ்டருக்கும் பணம் கட்டியது நான், அந்த உரிமையில் இந்த ரிவ்யூ. கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்தவள் முதல் வருட முடிவில் இதற்கு மாறினாள். அன்று ராத்திரி வீட்டில் நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. கும்பகோணத்திலிருந்து என் அக்கா போனில் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏன்டா, பொண்ணு சாமியாராப் போறாளா?"

நம்மில் பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் பாதிரியாரையும் பூசாரியையும் தயார் செய்கிற இடம் வேறு. அரசுப் பணத்தில் நடக்கும் கல்லூரி எந்த மதத்தையும் போதிக்கக்கூடாது, ஆனால் மதங்களைப் பற்றிப் பாடம் நடத்தலாம். 1963-ல் அபிங்டன் வழக்கில் பள்ளிக்கூட பைபிள் வாசிப்பை நிறுத்தச் சொன்ன அமெரிக்க உச்ச நீதிமன்றம், அதே தீர்ப்பில் இந்த வித்தியாசத்தையும் எழுதி வைத்தது. அதற்கப்புறம்தான் மாநிலப் பல்கலைக்கழகங்களில் இந்தத் துறைகள் பெருகின. என் மகளோடு படித்தவர்களில் கடவுளே இல்லை என்பவர்களும் நிறைய. டூர்க்கைம், வெபர் என்று பழைய சமூகவியல் அறிஞர்களைப் படிப்பதால் சமூகவியல் வாடை கொஞ்சம் தூக்கலாகவே அடிக்கும்.

கொடுத்த காசுக்கு எது மதிப்பு என்றால், வெளியே அனுப்பிப் பார்க்கச் சொன்ன பாடங்கள். ஒரு அசைன்மென்ட்: உன்னுடையது அல்லாத ஒரு வழிபாட்டு இடத்துக்கு நான்கு வாரம் போ, பார்த்ததை எழுது, 'அமைதி', 'அழகு' இரண்டு சொல்லும் வரக்கூடாது. அவள் குருத்வாராவுக்குப் போனாள், டிரைவர் வேலை எனக்கு, இரண்டாவது வாரமே என்னையும் உட்காரவைத்து ரொட்டி தேய்க்கச் சொல்லிவிட்டார்கள். பத்துப் பக்கம் எழுதினாள். அதில் ஒன்பது பக்கம் லங்கரில் (எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் சமையற்கூடம்) பாத்திரம் கழுவுவது யார், அவர்களிடம் அடுப்பை எப்போது ஒப்படைக்கிறார்கள், செருப்பு அடுக்குகிற பெரியவர் வெளியே என்ன வேலை பார்க்கிறார் என்பதுதான். நானும் அதே நான்கு வாரம் அங்கே இருந்தேன், இதில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

அடுத்து நியூயார்க்கில் இருக்கும் ஃபிளஷிங் பிள்ளையார் கோயில். 1977-ல் கும்பாபிஷேகம் ஆன கோயில், நாங்கள் இருபது வருடமாகப் போகிறோம், உண்மையைச் சொன்னால் பாதி பக்தி, பாதி கீழே கேன்டீன் தோசை. அது இருக்கும் தெருவுக்கு பௌன் தெரு என்று பெயர், யார் அந்த பௌன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. தோசையைப் பிய்த்துக்கொண்டே மகள் சொன்னாள். 1657-ல் இந்த ஊர்க்காரர்கள் சிலர், குவேக்கர்களை (ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) துன்புறுத்தச் சொல்லாதீர்கள் என்று டச்சு ஆளுநர் ஸ்டைவசன்ட்டுக்கு மனு எழுதினார்கள். குவேக்கர்கள் கூடி வழிபடத் தன் வீட்டைத் திறந்துவிட்ட ஜான் பௌன் 1662-ல் கைதாகி நாடு கடத்தப்பட்டு, அப்போது இந்தப் பகுதியை ஆண்ட, ஆம்ஸ்டர்டாமில் இருந்த டச்சு மேற்கிந்தியக் கம்பெனியிடமே போய் முறையிட்டு ஜெயித்துத் திரும்பினார். அவர் வீடு இன்னும் அதே தெருவில் நிற்கிறது. 2022-ல் அந்தத் தெருவுக்கு கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட் என்று இன்னொரு பெயரும் வைத்தார்கள். எனக்குத் தோசை ஆறிப்போனது.

இனி குறைகள். கேட்லாக்கில் நாற்பது பாடம் போட்டிருந்தார்கள், எந்த செமஸ்டரிலும் அதில் கால்வாசிகூட நடக்கவில்லை. இந்து மதப் பாடம் பதினைந்து வாரம், வேதம், உபநிஷதம், கீதை, நேராக காந்தி. அப்பருக்கும் ஆண்டாளுக்கும் சேர்த்து ஒரே வகுப்பு, அதிலும் பாதி நேரம் புரொஜெக்டர் வேலை செய்யவில்லையாம். வேலைவாய்ப்பு அலுவலகம் கையில் ஒரு தாளைக் கொடுத்தது: ஆசிரியர், வக்கீல், சமூக சேவகர். அவ்வளவுதான். இதற்கு ஸ்டார் கொடுக்க மனசு வரவில்லை.

வேலை? இந்த டிகிரியின் பெயரில் எந்தக் கம்பெனியும் ஆள் எடுப்பதில்லை. சட்டக் கல்லூரி எந்த மேஜர் என்று பார்ப்பதில்லை, மருத்துவக் கல்லூரியும் அப்படித்தான், கெமிஸ்ட்ரி, பயாலஜி, பிசிக்ஸ் மாதிரி அவர்கள் கேட்கும் பாடங்களை முடித்திருக்க வேண்டும். எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வில் தத்துவம், மதம் என்று கனமான பத்திகளைக் கொடுத்துக் கேள்வி கேட்கும் ஒரு பகுதி இருக்கிறது, இவர்களுக்கு அது பழகின சமாச்சாரம். ஆனால் எந்தப் பக்கம் போனாலும் இன்னொரு படிப்பு வேண்டும், அந்தச் செலவையும் இன்றே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் சேர்க்கவில்லை.

என் மகள் ஒரு வருடம் அகதிக் குடும்பங்களைக் குடியமர்த்தும் அலுவலகத்தில் இருந்துவிட்டு, இப்போது மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டே ஆஸ்பத்திரியில் சாப்ளின் பயிற்சி எடுக்கிறாள். (அக்கா: "சார்லி சாப்ளினா?") நோயாளிக்கும் குடும்பத்துக்கும் மன ஆதரவாகப் பக்கத்தில் இருக்கும் வேலை, எந்த மதத்தவராக இருந்தாலும், மதமே இல்லாதவராக இருந்தாலும். பயிற்சி ஒரு யூனிட் 400 மணி நேரம், முழுச் சான்றிதழுக்கு நான்கு யூனிட். இந்துக்கள் இதில் குறைவு, அமெரிக்க ராணுவத்துக்கே முதல் இந்து சாப்ளினாக பிரதிமா தர்ம் வந்தது 2011-ல்தான். போன மாதம் ஒரு குடும்பம், கடைசி மூச்சில் இருந்த பாட்டி வாயில் துளசித் தீர்த்தம் விடவேண்டும் என்றது. புரையேறும், கூடாது என்றார் நர்ஸ். இவள் இரண்டு பக்கமும் பேசி, உதடு நனைக்கும் பஞ்சுக் குச்சியைத் தீர்த்தத்தில் தோய்த்து மகன் கையில் கொடுக்க வைத்திருக்கிறாள். "எப்படிம்மா தோணுச்சு?" என்றேன். "அவங்களுக்கு எவ்வளவு தண்ணிங்கிறது முக்கியம் இல்லப்பா, யார் கையால விடறாங்கங்கிறதுதான்" என்றாள்.

ஐந்துக்கு மூன்றரை. கூட இன்னொரு மேஜரோ, மைனர் என்கிற துணைப் பாடமோ சேர்த்து எடுத்தால் நாலு. சேர்வதற்கு முன் கேட்லாக்கைத் தூர வைத்துவிட்டு, போன நாலு செமஸ்டரில் நிஜமாகவே நடந்த வகுப்புகளின் பட்டியலை துறை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.